மூடியைத் திறந்தவர்கள்

1972ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஆண்டி கேப்ஸ் டாவர்ன் என்றொரு மதுக்கடை. அங்கே சில நாட்களுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த ஒரு புதுமாதிரியான விளையாட்டு இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டதாக அதைச் செய்தவருக்குத் தகவல் போனது. செய்தவர் அல் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர். அவர் வேலை பார்த்த அடாரி நிறுவனம் ஆரம்பித்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அல்கார்ன் நேரில் போய் மூடியைத் திறந்து பார்த்தார். சர்க்யூட்டில் ஒரு கோளாறும் இல்லை. காசு விழுகிற டப்பா நிரம்பி வழிந்து, அதற்குமேல் காசு உள்ளே போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அந்த இயந்திரம்தான் பாங். வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள், பாங் பெற்ற வெற்றிக்குச் சாட்சியாக. எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு இயந்திரத்தைச் செய்தவரும் அதைப் பழுது பார்க்க வந்தவரும் ஒரே ஆள். பாங்குக்குள் கணினியே கிடையாது. மென்பொருள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அறுபதுக்கும் மேற்பட்ட சிறு சிப்புகள், அவற்றை இணைக்கும் செம்புக் கோடுகள், அந்த நாளைய ஒரு கறுப்பு வெள்ளை டிவி. பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுகூட எங்கோ ஒரு சிப்பின் காலில் மின்சாரம் ஏறி இறங்குவதுதான். அதை வரைந்தவருக்கு எந்தக் கால் எதற்கு என்று தெரியும்.

இந்த நிலை நீடிக்கவில்லை. அடுத்த முப்பது வருடங்களில் மூடியைத் திறக்கிறவர் யார், திறந்தால் அவருக்கு உள்ளே என்ன புரியும், புரிந்துகொள்ள அவருக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம் தலைகீழாக மாறிப்போயின. அந்த மாற்றத்தைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஓடாத ஒரு ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போர்டின் முன்னால்.

*

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. இன்டெல் 8080 என்ற நுண்செயலியை வைத்து, அதற்கான கருவிகளையும் தானே செய்துகொண்டு, ஏறக்குறையத் தனியாளாக இதை முடித்தார். மொத்த ஆட்டமும் 8 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. இன்று நாம் கைப்பேசியில் அனுப்புகிற ஒரு பூங்கொத்துப் படத்தில் அதைப்போல இருபது முப்பது ஆட்டங்களை அடைத்துவிடலாம். வேற்றுக்கிரகத்தார் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள் இல்லையா? அது திட்டமிட்டுச் செய்ததல்ல. வரையவேண்டிய உருவங்கள் குறைந்தால் அந்தச் செயலிக்கு வேலை குறைகிறது, அதனால் வேகம் கூடுகிறது. நன்றாக இருக்கிறதே என்று நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார்.

இப்படி இயந்திரத்தின் இயலாமையே ஆட்டத்தின் சுவையாக மாறிய ஒரு பொருளைப் பழுது பார்ப்பது தனி அனுபவம். எது கோளாறு, எது குணம் என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

சிறுவயதில் எங்கள் ஊரில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். எந்த டிவி வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மொதல்ல கரண்டு ஒழுங்கா வருதான்னு பாக்கணும் தம்பி. மத்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்." அல்கார்ன் காசு டப்பாவில் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதைத்தான். கோளாறு பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும்.

8080 போர்டுக்கு மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும்: +5, +12, −5 வோல்ட். இதில் −5 என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், மின்சாரமும் அதிகம் இழுக்காது. ஆனால் அது வராமல் +12 மட்டும் வந்தால் அந்தக் காலத்து மெமரி சிப்புகள் சூடேறிச் செத்துப்போகலாம். எனவே போர்டை இணைக்கும் முன்பே பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓடவிட்டு அளந்தேன். மூன்றும் சரி. போர்டை இணைத்து, சிப்பின் காலிலேயே மல்டிமீட்டரை வைத்து மறுபடி அளந்தேன். 5 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 4.6 காட்டியது. இந்த வகைச் சிப்புகளுக்கு 4.75க்குக் கீழே போனால் நம்பிக்கை கிடையாது. ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் உளறும். வழியில் 0.4 வோல்ட்டை யார் தின்றது? கனெக்டர்தான். 40 வருடக் காற்றும் ஈரமும் சேர்ந்து அதன் பற்களைக் கறுப்பாக்கியிருந்தன. ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து மாட்டியதும் 4.9 வந்தது.

திரையும் வந்தது. இந்த ஆட்டத்துக்கு டிவியைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், படம் அப்படித்தான் வரையப்படுகிறது. வேற்றுக்கிரகத்தார் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் திரையின் வலப்பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை, சீரான இடைவெளியில் மெல்லிய கிடைக்கோடுகள். எண்ணிப் பார்த்தேன், 32.

என் மகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் விளையாட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பினாள்.

"அப்பா, இந்தப் பக்கம் வந்து சுட்டா குண்டு மேலேயே போக மாட்டேங்குது. வாயிலேயே வெடிச்சிடுது."

"எந்தப் பக்கம்மா?"

"கோடு இருக்கிற பக்கம்தான்."

மீட்டர் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். விளக்குகிறேன். இந்தப் போர்டில் திரை என்பது மெமரியின் ஒரு பகுதி. 256க்கு 224 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட். 1 என்றால் வெளிச்சம், 0 என்றால் இருட்டு. எட்டுப் புள்ளிகள் சேர்ந்தது ஒரு பைட். ஆனால் அந்த எட்டு பிட்டும் ஒரே சிப்பில் இருக்காது, ஆளுக்கொன்றாக எட்டு சிப்புகளில் உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு சிப் செத்து, எதைக் கேட்டாலும் '1' என்றே பதில் சொன்னால் என்ன ஆகும்? எட்டுப் புள்ளிகளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி அணையாமல் எரியும். 256ஐ எட்டால் வகுத்தால் 32. கோடுகளின் கணக்கு சரியாகப் போய்விட்டது.

குண்டு ஏன் வெடித்தது? நிஷிகாடோவின் நிரல் குண்டை ஒவ்வொரு அடியாக மேலே நகர்த்தும்போது, தான் வரையப்போகும் இடத்தில் ஏற்கெனவே வெளிச்சம் இருக்கிறதா என்று திரை மெமரியையே கேட்கிறது. இருந்தால் எதன்மேலோ பட்டுவிட்டது என்று பொருள். பீரங்கிகளுக்கு முன்னால் இருக்கும் அரண்கள் அரித்துப்போவதும் இப்படித்தான். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவை இருப்பது திரையில்தான். ஆகவே செத்த சிப் போட்ட கோட்டை இயந்திரம் உண்மையான சுவர் என்று நம்பியது. நமக்குத்தான் அது கோளாறு. அதற்கு அது உலகம்.

இதே கோளாறு பக்கத்து வரிசைச் சிப்பில் வந்திருந்தால் திரையே வந்திருக்காது. செயலி தன் கணக்குகளையும், ஒரு வேலைக்குப் போனால் எங்கே திரும்பி வரவேண்டும் என்ற குறிப்பையும் எழுதிவைப்பது அந்த வரிசையில்தான். அந்தக் குறிப்பில் ஒரு பிட் தப்பானால் செயலி வேறு ஊருக்குப் போய் இறங்கிவிடும். அப்புறம் சுத்தமான குப்பைத் திரைதான்.

*

இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகப் பெருமை பேச முடியாது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்த அறிவைத் தயாரிப்பாளர்களே கையில் கொடுத்தார்கள். இயந்திரத்தை வாங்கியவர்கள் ஆப்பரேட்டர்கள் எனப்பட்ட சிறு வியாபாரிகள். மதுக்கடையிலும் பீட்ஸா கடையிலும் வைத்து, விழுகிற காசைக் கடைக்காரருடன் பங்கு போட்டுக்கொள்வது அவர்கள் தொழில். இயந்திரம் ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு. எனவே ஆட்டத்துடன் ஒரு தடித்த கையேடும், பெரிய தாள்களில் முழு சர்க்யூட் வரைபடமும் சேர்ந்தே வந்தன. ஒவ்வொரு சிப்பும், ஒவ்வொரு கம்பியும் அதில் இருக்கும். ஒளிக்க எதுவுமில்லை.

அடாரி இன்னும் ஒருபடி மேலே போனது. அதன் இயந்திரங்களுக்குள்ளே ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டால் போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். திரை வேலை செய்யாத நிலையிலும் தகவல் தெரியவேண்டும் என்பதற்காகச் சில ஆட்டங்களில் எந்த மெமரி கெட்டது என்பதை ஒலியால் சொல்லும். பேசமுடியாத நோயாளி விரலை அசைத்துக் காட்டுவது போல.

1977இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 5004ஏ என்றொரு கருவியைக் கொண்டுவந்தது. சிக்னேச்சர் அனலைசர் என்று பெயர். ஒரு கம்பியில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடும் லட்சக்கணக்கான ஏற்ற இறக்கங்களைச் சுருக்கி நான்கு எழுத்துக் கையொப்பமாகக் காட்டும். அதைப் படிக்கிறவருக்குக் கணினி தெரியவேண்டிய அவசியமே இல்லை. வரைபடத்தில் அச்சிட்ட கையொப்பமும் கருவி காட்டுவதும் ஒன்றா என்று ஒப்பிட்டால் போதும். எங்கே மாறுகிறதோ அங்கே கோளாறு. அடாரி சில ஆட்டங்களின் வரைபடங்களில் இந்தக் கையொப்பங்களையும் அச்சிட்டுக் கொடுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஃப்ளூக் 9010ஏ கருவியோ செயலியையே பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் தான் உட்கார்ந்துகொள்ளும். உள்ளேயிருந்தபடி ஒவ்வொரு மெமரியையும் விசாரித்து எது பொய் சொல்கிறது என்று சொல்லிவிடும். பழைய ஃப்ளூக் ஒன்றைத் தேடிப்பிடித்து வைத்திருப்பது இன்றும் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கௌரவம்.

செய்தவர் பழுது பார்க்க வரமுடியாத அளவுக்கு இயந்திரங்கள் பெருகிவிட்டன. அதனால் செய்தவர் தன் அறிவைத் தாளில் எழுதி அனுப்பினார். இந்தக் காலகட்டத்தை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

*

அறிவைத் தாளில் எழுதி அனுப்பினால் வாசிக்கிறவர்கள் எல்லோரும் பழுது பார்க்கிறவர்களாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே. வெற்றிபெற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நகல் வந்தது. நகலெடுப்பது கடினமும் இல்லை: சிப்புகள் எல்லாம் கடையில் கிடைப்பவை, நிரலைப் படித்து வேறு சிப்பில் எழுதிவிடலாம்.

இந்த இடத்தில் டாங்கி காங் போர்டின் ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். 1981இல் நிண்டெண்டோவின் ரேடார் ஸ்கோப் என்ற ஆட்டம் அமெரிக்காவில் படுத்துவிட, விற்காமல் கிடந்த சுமார் 2,000 இயந்திரங்களின் உள்ளே மாற்றம் செய்துதான் முதல் டாங்கி காங் இயந்திரங்கள் உருவாயின. நிரலை எழுதியது இகேகாமி சூஷின்கி என்ற நிறுவனம். அதன் சிப்பில், ஆட்டத்தில் எங்கும் தோன்றாத ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. இந்தக் கடினமான நிரலை ஆராய்ந்து பார்க்கிறவருக்கு ஒரு வாழ்த்து, நாங்கள் சொல்லித்தரத் தயார் என்கிற மாதிரி உடைந்த ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு, கூடவே நிறுவனத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும். பிற்பாடு டாங்கி காங் நிரல் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றம் போயின. அந்தச் செய்தி கேலியா, பெருமையா, உரிமைச் சாட்சியா என்பதை வாசிக்கிறவர் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நிச்சயம். என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் மூடியைத் திறந்து உள்ளே வாசிப்பார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் இறுதியில் இந்த மனநிலை மாறியது. சேகா தன் பல ஆட்டங்களில் நிரலைச் சங்கேதமாக்கியது. அதை அவிழ்க்கும் சாவியைச் செயலியோடு சேர்ந்த ஒரு சிறு மெமரியில் வைத்து, பேட்டரியால் உயிரோடு வைத்தது. 1993இல் கேப்காம் கொண்டுவந்த சிபிஎஸ்-2 அமைப்பும் இதே வழியில் போனது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் நிரல் வெறும் இரைச்சல், திரையில் ஒற்றை நிறம் மட்டும். பேட்டரி சாவதற்கு முன்பே, சாவி அழியாதபடி கவனமாகப் புதுசு மாற்றினால் தப்பிக்கலாம். செத்தபின் மாற்றி என்ன பயன்? போர்டில் ஒரு சிப்கூடக் கெட்டிருக்காது, ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. ஆனாலும் அது பிணம். பழுது பார்க்கிறவர்கள் இதற்கு வைத்த பெயர் தற்கொலை பேட்டரி.

கேப்காம் பக்க நியாயமும் இல்லாமல் இல்லை. அதன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்துக்கு 1991க்குப் பிறகு வந்த திருட்டுப் போர்டுகள் உலகம் முழுக்கப் பரவின. சிபிஎஸ்-2 அதற்கான பதில், பதில் என்ற அளவில் பலித்தது. பல வருடங்களுக்கு அதை யாராலும் நகலெடுக்க முடியவில்லை. ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையும் சேர்த்து வெளியே நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய போர்டு ஒரு நாள் தானாகச் சாகும், அதை உயிர்ப்பிக்கும் அறிவு உங்களுக்கு இல்லை என்பதுதான் விற்பனையின் உள்ளடக்கம்.

*

1997 பிப்ரவரி 5ஆம் தேதி நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலிய நிரலாளர் மேம் என்ற மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர் என்பதன் சுருக்கம் அது. பழைய போர்டுகளின் நடத்தையை அப்படியே வீட்டுக் கணினியில் நிகழ்த்திக் காட்டுவது. பெரும்பாலோர் அதை ஓசியில் விளையாடும் வழியாகத்தான் பார்த்தார்கள், அப்படிப் பயன்படுத்தவும் செய்தார்கள். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் பழுது பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி உதவியது. மேமின் மூல நிரலில் ஒவ்வொரு போர்டிலும் எந்த முகவரியில் எந்த மெமரி, எந்தப் பொத்தான் எங்கே வந்து சேர்கிறது என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு சிப்பிலும் இருக்கவேண்டிய நிரலுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஹியூலெட் பேக்கார்டின் நான்கு எழுத்துக் கையொப்பம் வேறு உருவத்தில் திரும்பி வந்த மாதிரி.

இது ஏன் முக்கியம்? அன்றைய நிரல்கள் பலவும் ஈப்ராம் என்ற சிப்புகளில் இருந்தன. மேலே ஒரு குவார்ட்ஸ் ஜன்னல், அதன் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழியும். ஜன்னலை மறைக்கும் ஸ்டிக்கர் உரிந்து, நேர் வெயில் பட்டால் ஒரு வாரமே போதும், ட்யூப்லைட் வெளிச்சம் என்றால் சுமார் மூன்று வருடம். இது சிப் தயாரித்தவர்களே கொடுத்த கணக்கு. இருட்டில் பத்திரமாக வைத்தாலும் உள்ளே சேமித்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். செல்லரித்த ஏடு மாதிரி, ஒரு எழுத்து போனால் ஒரு வரி போகும். அதிகம் விற்காத ஆட்டங்களில் எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு போர்டுகள்தான். அதில் ஒன்றை ஒருவர் சமையலறை மேசையில் உயிர்ப்பித்து நிரலைப் படித்து எடுக்காவிட்டால் அந்த ஆட்டம் உலகத்தில் இல்லாமலே போய்விடும்.

சிபிஎஸ்-2 பூட்டையும் இப்படிப்பட்டவர்கள்தான் திறந்தார்கள். ஒரேயடியாக இல்லை, படிப்படியாக. 2001இல் சிபிஎஸ்2ஷாக் என்ற ஆர்வலர் குழு, உயிரோடு இருக்கும் போர்டையே தன் நிரலை அவிழ்த்துச் சொல்லவைத்தது. அவிழ்த்த நிரலை எழுதிச் செத்த போர்டில் போட்டால் அது ஓடும், ஆனால் பழைய சிப்புகளை மாற்றியாக வேண்டும். 2007இல் ஆண்ட்ரியாஸ் நைவ், சல்மோரியா இருவரும் சங்கேத முறையையே முழுசாகக் கண்டுபிடித்தார்கள். 2016இல் எடுவார்டோ க்ரூஸும் அவருடன் உழைத்தவர்களும், எந்தச் சிப்பையும் மாற்றாமல், அழிந்துபோன சாவியை வெளியிலிருந்து போர்டுக்குள் மறுபடி எழுதும் வழியை வெளியிட்டார்கள். ஒரு சிறிய ஆர்டுயினோ பலகையும் நாலைந்து கம்பிகளும் போதும். அடாரி ஒரு காலத்தில் அச்சிட்டுக் கொடுத்ததை, கேப்காம் ஒளித்துவைத்ததை, சம்பளம் வாங்காத ஆட்கள் 23 வருடம் கழித்து மறுபடி பொதுவில் வைத்தார்கள்.

*

என் போர்டுக்கு வருகிறேன். செத்த சிப்பைக் கழற்றுவதில் அவசரப்படக் கூடாது. முழுசாக உருவ முயன்றால் 40 வருடப் பழைய செம்புக் கோடு கையோடு வந்துவிடும். முதலில் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக வெட்டி உடலைத் தூக்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி எடுக்கவேண்டும். ஓட்டைகளைச் சுத்தம்செய்து ஒரு சாக்கெட்டைச் சால்டர் செய்தேன். அடுத்த முறை யாருக்கும் இந்தக் கஷ்டம் வேண்டாம். புதுச் சிப்பைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் கோடுகள் இல்லை. மகள் வலப்பக்க மூலைக்கே போய் நின்று சுட்டுப் பார்த்தாள். குண்டு மேலே போனது.

போர்டைத் திருப்பித் துடைக்கும்போதுதான் கவனித்தேன். பின்பக்கத்தில் ஒரு நீலக் கம்பி, அறுந்த ஒரு செம்புக் கோட்டைத் தாண்டி ஒட்டுப்போட்டிருந்தது. தொழிற்சாலை வேலை மாதிரி இல்லை, ஈயம் கொஞ்சம் அதிகம். முன்பு எப்போதோ, காசு விழாமல் நின்ற ஒரு ராத்திரியில், ஒருவர் இதைத் திறந்து வரைபடத் தாளை விரித்து வைத்துக்கொண்டு செய்த வேலையாக இருக்கலாம். நன்றாகவே செய்திருக்கிறார். இன்றுவரை தாங்குகிறது.

சின்னத் துண்டுத் தாளில் தேதியையும், மாற்றிய சிப் எது என்பதையும், கனெக்டர் அழுக்கால் 5 வோல்ட் குறைந்ததையும் எழுதி, போர்டைச் சுற்றிவைக்கும் உறைக்குள் போட்டேன். "யாருக்குப்பா லெட்டர்?" என்று கேட்டாள். அடுத்து திறக்கிறவருக்கு என்றேன்.